பள்ளியும் ஊரும்: சிற்றூர்த் திருச்சபை வாழ்வும் தமிழ் இலக்கிய வரலாறும்

பள்ளி என்னும் சொல் தமிழில் நெடுங்கால வழக்குடையது. படுக்கை, உறைவிடம் என்னும் பொருள்களில் நின்ற அச்சொல் சமண முனிவரும் புத்தத் துறவியரும் தங்கிய இடங்களுக்குப் பெயராகி, அவர்கள் கற்பித்த இடத்திற்கும் ஆயிற்று. பள்ளிக்கூடம் என்றும் பள்ளிவாசல் என்றும் நாம் இன்று வழங்குவன அதன் வழிவந்தவையே. மேலைக் கடற்கரையிலோ அச்சொல் மேலும் ஒருபடி அகன்றது. ஆண்டுக் கிறித்தவர் தொழும் இடமும் பள்ளி. யூதர் தொழும் இடமும் பள்ளி. குமரி மாவட்டத்து முதியோர் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போவதாகக் கூறின், அது கல்வி பற்றிய செலவன்று. வழிபாட்டிற்குச் செல்லுதலே ஆகும்.

இச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஒரு பழைய ஆவணம் உண்டு. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், சேரமன்னன் தாணு இரவியின் 5ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 849இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடு அது. அதன் மொழியைப் பழந்தமிழ் என்பாரும் பழமலையாளம் என்பாரும் உளர். அவ்வழக்கினை ஈண்டுத் தீர்க்க வேண்டுவதின்று. அச்செப்பேட்டில் நம் கருத்தை ஈர்ப்பன இரண்டு. கிறித்தவப் பள்ளிக்கு அளித்த கொடையைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் சான்றாக ஒப்பமிட்டோருள் எபிரேய எழுத்தில் தம் பெயரை வரைந்த யூதரும் இருந்தனர். இஃது ஒன்று. மற்றொன்று, அப்பள்ளிக்கு நிலத்தோடு சேர்த்துக் குடிகளும் வழங்கப்பட்டமை. மரமேறுவோர் செலுத்த வேண்டிய ஏணிக்காணம் முதலிய வரிகளிலிருந்து அக்குடிகளுக்கு விலக்கும் தரப்பட்டது. ஆகவே, நம் நாட்டுத் திருச்சபை பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றிலேயே மரமேறி இடம்பெற்றுவிட்டான். ஆயினும் அவன் வழிபடுவோனாக அதில் இல்லை; கொடைப் பொருளாக இருக்கிறான். அவன் எப்போது மனிதனாகத் தமிழ் எழுத்திற்குள் வந்தான் என்பதே இக்கட்டுரையில் யான் ஆராயப் புகும் வினா.

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் என்றவுடன் நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரிசையைக் கூறும். வீரமாமுனிவரின் தேம்பாவணி, வேதநாயக சாத்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி, கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்பன அவ்வரிசையில் முன்நிற்பன. இவை போற்றத்தக்கனவே. 3 காண்டமும் 36 படலமும் 3,615 பாடலும் கொண்ட தேம்பாவணியைக் கற்றோர் அதன் நாட்டு வருணனையில் சோழ நாட்டு வயலைக் காண்பர். மருத நிலத்தின் வளம் யூதேயாவிற்குப் பெயர்க்கப்பட்டிருக்கும் திறம் வியப்புக்குரியது. ஆனால் அந்நூல் எழுந்த காலத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் அருகே கூரைக் கோயில்களில் கூடிய சிறு கூட்டத்தார் யாவர், அவர்கள் எங்கே அமர்ந்தனர், யார் வீட்டுப் பெண்ணை யார் கொண்டனர், இறந்தோரை எங்கே அடக்கினர் என்பன பற்றி அக்காப்பியம் ஒன்றும் கூறாது. கூறுதல் அதன் கடனும் அன்று. அதே ஆசிரியர் ஊர்தோறும் சென்று போதித்த வேதியர்க்கென எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில் அவ்வாழ்வின் நிழல் படிந்துள்ளது. எனினும் வகுப்பறையில் தேம்பாவணிக்குக் கிடைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கும் அவ்வுரைநடைக்குக் கிடைப்பதில்லை. காப்பியமே இலக்கியம், வழிகாட்டு நூல் இலக்கியமன்று என்னும் பாகுபாட்டை நாம் ஆராயாமலே ஏற்றுக்கொண்டோம்.

உரைநடை வளர்ந்த பின்னும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறித்தவர். நாள்தோறும் அவர் கண்ட வாழ்வில் கோயில் மணியும் திருவிழாவும் பங்குக் குருவும் இருந்திருத்தல் வேண்டும். அவருடைய நாவலிலோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. கதைத்தலைவன் தொண்டைமண்டலத்து இந்து முதலியார். இதனை யான் குறையாகக் கூறவில்லை. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாக நின்று எழுத விரும்பிய பெருமனம் அது என்பதற்குச் சர்வ சமய சமரசக் கீர்த்தனையே சான்று. எனினும் இலக்கிய வரலாற்று நோக்கில் ஒன்று புலனாகிறது. தமிழ் நாவலைத் தொடங்கி வைத்தவர் கையில் இருந்தும், கிறித்தவச் சிற்றூர் நாவலுக்குள் வரவில்லை. அஃது உள்ளே வருவதற்கு மேலும் ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

அச்சிற்றூர் எத்தகையது என்பதனை அறியாதார்க்குச் சிறிது கூறுதல் வேண்டும். நெல்லைச் சீமையில் 1799இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு தோன்றிற்று. பெயரே அதன் வரலாற்றைச் சொல்லும். தம் பழைய ஊர்களில் துன்புற்றவர்கள் வந்து குடியேறிய முதல் ஊர் அது. பின்னர் நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், கிறித்தியாநகரம், சாயர்புரம் எனப் பல ஊர்கள் எழுந்தன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு, நிலம் வாங்கிக் குடிகளை அமர்த்துவதற்கென ஒரு சங்கமே நிறுவினார். 1841இல் இடையன்குடியை அடைந்த கால்டுவெல், செம்மணல் தேரிக்கு அருகே தெரு வகுத்துக் கிணறு வெட்டி, 1880இல் நிறைவெய்திய கோயிலையும் எழுப்பினார். ஒப்பிலக்கண ஆசிரியராக மட்டும் அவரை அறிந்த நம் மாணவர்க்கு அவர் ஒரு பனங்காட்டு ஊரின் தெரு அமைப்பாளரும் ஆவார் என்பது வியப்பைத் தரும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வூர்களின் வாழ்வு பெரும்பாலும் கோயில் மணியின் ஒழுங்கிலேயே நடந்தது. சிற்றூர் பலவற்றில் கோயிலும் தொடக்கப் பள்ளியும் ஒரே கட்டடம். வார நாளில் கரும்பலகை நின்ற சுவரோரத்தில் ஞாயிறன்று திருமேசை நிற்கும். பள்ளி என்னும் சொல்லின் இருபொருளும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தன எனலாம். உபதேசியாரே ஆசிரியராகவும் இருந்த ஊர்கள் பல. குருவானவர் ஒரு சேகரத்தின் பல ஊர்களையும் சுற்றி வருபவர் ஆதலின், அவர் வருகை ஒரு சிறு விழாவாகும். ஆடவர் ஒரு பக்கமும் மகளிர் ஒரு பக்கமும் பாயில் அமர்வர். மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாமாலையும் நம் நாட்டு இராகத்தில் அமைந்த கீர்த்தனையும் மாறிமாறிப் பாடப்படும். முன்னதில் தடுமாறிய குரல்கள் பின்னதில் வீறுகொண்டு எழும். இல்லத்தரசியர் ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் சேர்த்துக் கோயிலுக்கு அளிப்பர். பணம் கையில் புழங்காத பெண்ணிற்குத் தன் பெயரால் கொடுக்கத்தக்க பொருளாக இருந்தது அப்பிடியரிசி ஒன்றே. அறுப்பின் பண்டிகையில் பூசணியும் வாழைத்தாரும் கோழியும் கருப்பட்டியும் படைக்கப்பட்டு ஏலம் விடப்படும். கோழியின் விலை சந்தை விலையை மிஞ்சும். ஏலம் எடுப்பவன் கோழியை மட்டும் எடுப்பதில்லை என்பது ஊரார் அனைவரும் அறிந்த செய்தி.

இவ்விழாக்களுள் தலையாயது அசனம். உணவு எனப் பொருள்படும் இவ்வடசொல் நிகண்டிலும் அகராதியிலும் உறங்குகின்றது. பேச்சுத் தமிழில் பிற இடங்களில் வழக்கு வீழ்ந்தது. நெல்லை, தூத்துக்குடி வட்டாரத் திருச்சபைகளில் மட்டும் அஃது இன்றும் உயிருடன் உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை ஊரார் அனைவரும் ஒரே உலைச்சோற்றை ஒரே பந்தியில் உண்ணும் சபை விருந்தே அசனம். நிலக்கிழானும் பனையேறியும் அடுத்தடுத்து அமர்ந்து உண்ட அப்பந்தியின் சமூகப் பொருளை இக்காலத்து நாம் எளிதில் உணர மாட்டோம்.

இப்பந்தியோடு எல்லாம் சமனாகிவிட்டதா என்பதே வினா. பந்தி கலந்தது, பாட்டும் கலந்தது. ஆனால் மணமும் மயானமும்?

1964இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' இவ்வினாவின் முற்பாதியை எடுத்துக்கொண்டது. ஆசிரியர் 1925இல் பர்மாவில் பிறந்தவர், குமரி நாட்டினர், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றி 2012இல் மறைந்தார். பனைவிளை என்னும் சிற்றூரில் புதுமை நீங்கிப் பழைதாகிப் போன ஒரு பெரிய வீடு. அதன் தலைவர் முதியவராகிய கண்ணப்பச்சி. அவருடைய பேத்தி லிஸி. பருவம் எய்தியதும் லிஸியின் படிப்பு நின்றுவிடுகிறது; வீட்டின் சுவர்களே அவள் உலகமாகின்றன. அவள் உள்ளம் பனையேறியின் மகனாகிய தங்கராஜிடம் செல்கிறது. கதை முழுவதையும் சுருக்கி உரைத்தல் வேண்டா. தடையின் இயல்பை மட்டும் ஈண்டு நோக்குவோம். லிஸியும் தங்கராஜும் ஒரே சமயத்தினர், ஒரே சாதியினர், ஒரே ஆலயத்தில் தொழுவோர். இவர்களைப் பிரிப்பது பனைமரம். அதன் உடைமையாளர் வீட்டுப் பெண் அவள். அதில் ஏறுவோன் அவன். ஒரு மரத்திற்கு அடியும் முடியும் உண்டு. அடியில் நிற்போன் உயர்ந்தோன், முடியில் இருப்போன் தாழ்ந்தோன் என்னும் முரணை இந்நாவல் எங்கும் விரித்துரைப்பதில்லை. அதுவே அதன் ஆற்றல். பிரசங்கம் செய்தற்கு இத்துணை வாய்ப்புள்ள கதையில் ஆசிரியர் பிரசங்கம் செய்யாமைக்கு நாம் நன்றி கூறல் தகும்.

கால்டுவெல் 1849இல் இம்மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவர் அவர்களிடையே அரை நூற்றாண்டு வாழ்ந்தவர். அவர்தம் நலத்திற்கு உழைத்தவர். ஆயினும் அந்நூல் அச்சமூகத்தார் உள்ளத்தைப் புண்படுத்திற்று; கடும் எதிர்ப்பும் எழுந்தது. அன்பும் அறிவும் உடைய ஒருவர் எழுதியது ஏன் புண்படுத்தியது? அவர் பனையேறியைக் குழுவாகக் கண்டார். அவன் தோற்றம், உணவு, நம்பிக்கை ஆகியவற்றை வெளியே நின்று பட்டியலிட்டார். ஹெப்சிபாவோ ஒருவனைக் காட்டினார். அதுவும் வீட்டிற்குள் அடைபட்ட ஒரு பெண்ணின் கண்வழிக் காட்டினார். செப்பேட்டில் கொடைப் பொருளாகவும் ஆங்கில நூலில் ஆய்வுப் பொருளாகவும் இருந்தவன் 1964இல் ஒரு பெண் தானே தேர்ந்துகொண்ட காதலனாகிறான். 849க்கும் 1964க்கும் இடையே உள்ள தொலைவு ஆண்டுக் கணக்கில் அடங்குவதன்று.

குறையும் உண்டு. நாவலின் இறுதி மணத்தில் சென்று முடிதல் எனக்கு ஒருவகை விரைவாகவே தோன்றுகிறது. அத்துணைக் காலம் அசையாத சுவர் இறுதிப் பகுதியில் அசைவதற்கு நிகழ்ச்சிகளின் துணை மிகுதியாக வேண்டப்படுகிறது. மேலும், ஒரே சாதிக்குள் நிகழும் தடையை நுட்பமாகக் கண்ட ஆசிரியர், சாதிக்கும் சாதிக்கும் இடையே திருச்சபை எழுப்பிய சுவரைத் தொடவில்லை. அது லிஸியின் கண்ணுக்கு எட்டாதது எனில், அவ்வெல்லை கதையின் எல்லை, குற்றமன்று. ஆனால் திறனாய்வாளன் அந்த எல்லையோடு நின்றுவிடல் ஆகாது.

அச்சுவர் உவமையன்று; உண்மையில் கட்டப்பட்டதாகும். நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் நிறைவுற்ற கத்தோலிக்கக் கோயில் இரு கால்களாகப் பிரிந்து பீடத்தில் ஒன்று சேரும் வடிவுடையது. ஒரு காலில் ஒரு சாதியாரும் மறு காலில் ஏனையோரும் இருந்து, ஒருவரையொருவர் காணாமல் ஒரே குருவைக் காணலாம். இதனைக் காற்சட்டைக் கோயில் என ஊரார் நகைத்தனர். 1910இல் இடைச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு எழுந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சுவரை வேண்டினோர்க்கு அதில் வெற்றி கிட்டவில்லை. சீர்திருத்தச் சபையினர் மட்டும் இதற்கு விலக்கு என எண்ணுதல் வேண்டா. தஞ்சை வேதநாயக சாத்திரியார், நாம் போற்றும் அக்கவிஞரே, இருக்கையிலும் நற்கருணைப் பந்தியிலும் சாதி வேற்றுமையை நீக்க முனைந்த இளம் பாதிரிமாரை எதிர்த்து எழுதினார். அவருடைய கீர்த்தனைகள் 1853இல் வெப்பு என்னும் மதுரைப் பாதிரியார் வெளியிட்ட தொகுப்பின் வழியாகச் சிற்றூர்தோறும் சென்றன. எல்லாச் சாதியாரும் அவற்றை ஒரே குரலில் பாடினர். பாடலாசிரியர் ஒருங்கே அமர விரும்பாதவர்களைப் பாடல் ஒருங்கே பாட வைத்தது. படைத்தவனையும் மீறிப் படைப்பு நடக்கும் என்பதற்கு இதனினும் வலிய சான்றினை யான் அறியேன்.

வினாவின் பிற்பாதியை, அதாவது பாட்டினையும் மயானத்தையும், எடுத்துக்கொண்டது 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. அதனை நாவல் என்பதா தன்வரலாறு என்பதா என்று நம் துறைகளில் நடந்த சொற்போர் பயனற்றது. பனைமட்டையின் இருபுறத்துக் கூர்மையே அதன் தலைப்பு. பனை மீண்டும் வந்துவிட்டது காண்க. கத்தோலிக்கச் சிற்றூர் ஒன்றில் தலித்துச் சிறுமியாக வளர்ந்த ஒருத்தியின் நினைவுகள் அதில் பூசையும் திருவிழாவும் விளையாட்டும் நிரம்பியனவாக விரிகின்றன. அம்மகிழ்ச்சி பொய்யன்று. அதனோடு சேர்த்தே, தலித்துகள் பாடகர் குழுவில் இடம்பெறாமையும், கோயிலை அடுத்த கல்லறையில் அடக்கம் பெறாமல் ஊர்ப்புறத்தே தனி இடம் தேட நேர்ந்தமையும் அந்நூல் பதிவு செய்கிறது. பேச்சுமொழியில் எழுதப்பட்டமையால் இதில் நடை இல்லை எனச் சிலர் தொடக்கத்தில் கூறினர். புத்தம் வீட்டின் குமரி வழக்கைச் சுவை என்று பாராட்டிய அதே நாவுகள் கருக்கின் வழக்கைக் கொச்சை என்றன. இரண்டும் வட்டார வழக்கே. ஒன்று நில உடைமையாளர் வீட்டு வழக்கு, மற்றது சேரி வழக்கு. வேறுபாடு மொழியியலைச் சார்ந்ததன்று என்பது வெளிப்படை.

கடற்கரைக்குச் செல்லின் படம் சற்று வேறாகும். ஜோ டி குரூசின் 'ஆழி சூழ் உலகு' (2004) 1933 முதல் 1985 வரை ஒரு பரதவர் ஊரைக் காட்டுகிறது. அங்கே கோயில் வழிபாட்டிடம் மட்டுமன்று. வழக்குமன்றமும் வங்கியும் ஏறத்தாழ அரசும் ஆகும். காகு சாமியார் போன்ற ஒரு பங்குக் குரு அமைந்தால் ஊர் தழைக்கும். அமையாவிடின் ஊர் இரண்டுபடும். பரப்பு மிகுதியாலும் மாந்தர் பெருக்கத்தாலும் அந்நாவல் சில இடங்களில் தளர்ந்தாலும், திருச்சபையைப் பொருளாதார நிறுவனமாகக் கண்ட அதன் கண் கூரியது. அதனை விரித்தல் வேறொரு கட்டுரைக்கு உரியது.

இனி, அச்செப்பேட்டில் ஒப்பமிட்டோரின் வழியில் நின்ற மற்றொரு பள்ளிக்கு வருவோம். சென்னையிலும் 17ஆம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் விற்ற யூதர் வாழ்ந்தனர். ஆனால் அவர்கள் துறைமுக வணிகர், ஊரார் அல்லர். ஊராராக வாழ்ந்தவர்களைக் காணச் சேர நாட்டிற்கே செல்ல வேண்டும். கொச்சி, எருணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் யூதப் பள்ளிகள் எட்டு இருந்தன. சேந்தமங்கலத்தில் கி.பி. 1269ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று உண்டு. அப்பள்ளிகளின் அமைப்பில் ஒரு தனித்தன்மையை அறிஞர் சுட்டுவர். மறைநூல் ஓதும் மேடை கீழே நடுவில் இருப்பதோடு, மாடியிலும் மற்றொரு மேடை உண்டு. மகளிர் அமரும் பகுதி அதனை அடுத்தே அழித் தடுப்பிற்குப் பின்னால் அமைந்திருக்கும். திருநாள்களில் ஓதுவோன் மேலேறி மகளிர்க்கு அண்மையில் நின்று ஓதுவான். தடுப்பு இருந்தது, ஆயினும் மறை மகளிர் செவிக்கு அருகே வந்தது.

அம்மகளிர் மலையாளத்தில் பாடினர். மணவீட்டிலும் திருநாளிலும் ஆடவர் முன்னிலையிலேயே பாடினர். பாடல்களைக் குறிப்பேடுகளில் தம் கையால் எழுதித் தாய் மகளுக்கு அளித்தாள். மகள் படியெடுத்துத் தன் மகளுக்கு அளித்தாள். 1954, 1955ஆம் ஆண்டுகளில் இச்சமூகத்தார் பெருந்தொகையினராக இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பத்து ஆடவர் கூடினாலன்றிப் பொது வழிபாடு நிகழாது என்பது அவர்தம் மரபு. எனவே குடும்பங்கள் நீங்க நீங்க, ஒரு நாளில் பத்து ஒன்பதாகிறது. அன்றோடு பள்ளி அடைபடுகிறது. மாளையின் பள்ளி 1955இல் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டடம் நின்றது, ஆடவரின் மறைச்சுருள்கள் கப்பலேறின. மகளிரின் குறிப்பேடுகளும் பெட்டியில் மடித்த புடைவைகளோடு கப்பலேறின.

பின்னர் ஆய்வாளர் அக்குறிப்பேடுகளைத் தேடினர். இருநூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் திரட்டப்பட்டன. 2005இல் எருசலேமில் மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக ஒரு தொகுதி வெளிவந்தது. அதன் பெயர் 'கார்குழலி'. பாலைவனக் குடியிருப்பில் வாழும் யூத மூதாட்டியர் பாடிய பாடல்களின் தொகுதிக்குச் சங்கச் செய்யுளில் வந்தாலும் பொருந்தும் பெயர் அமைந்திருத்தலைக் கண்டு தமிழாசிரியன் ஒருவன் சும்மா கடந்து போதல் இயலாது. ஆயினும் நான் அதில் கண்டது பெருமிதம் அன்று, நாணமே.

காரணம் இது. தியாகராய நகரில் எங்கள் தெருவில் நெல்லைச் சீமைப் பனங்காட்டு ஊரொன்றிலிருந்து மகனோடு வந்து குடியேறிய ஒரு மூதாட்டியார் இருந்தார். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்த இந்நகரில் யாரும் பழங்குடி அல்லர். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவரே. ஞாயிறுதோறும் வெள்ளைப் புடைவையோடு பேரன் கையைப் பிடித்துக் கோயிலுக்குச் செல்வார். அங்கே நாற்காலியில் அமர்வது அவருக்குப் பிடிக்காது. பாயில் அமர்ந்து பழகிய உடல். ஆண்டுக்கு ஒருமுறை அவர் ஊரார் நகரில் கூடி அசனம் நடத்துவர். இப்போது அது பொட்டலமாக வீட்டிற்கு வருகிறது என வருந்துவார். "ஐயா, பந்தியில்லாம சாப்பிட்டா அது அசனம் இல்ல, சாப்பாடுதான்" என்று ஒருநாள் என்னிடம் கூறினார். அசனம் பற்றி யான் மேலே எழுதியது அனைத்தினும் அவ்வொரு தொடர் செறிவுடையது.

அவரிடம் ஒரு நீண்ட கணக்கேடு இருந்தது. தாலாட்டு, நலுங்கு, ஒப்பாரி எனப் பாடல்கள் அதில் இருந்தன. விவிலிய மாந்தர் பெயர்கள் நம் நாட்டுப் பாடல் மெட்டுகளில் கலந்து நின்றன. இறந்த கணவனைப் பாடும் ஒப்பாரியில் பனையும் கலயமும் வந்தன. தமிழ் கற்பிப்பவன் என்பதால் என்னிடம் காட்டினார். யான் முனைவர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது; சில பக்கங்களைப் படித்தேன். யாப்புப் பிழை மலிந்துள்ளது, அச்சுக்கேற்றதன்று என எண்ணினேன். நன்றாக இருக்கிறது பாட்டி என்று மரியாதைக்குச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். சில ஆண்டுகளுக்குப் பின், கார்குழலியைப் பற்றி அறிந்த பிறகு, அக்கணக்கேட்டைத் தேடிச் சென்றேன். மூதாட்டியார் மறைந்துவிட்டார். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்காகக் குடும்பத்தார் வேறிடம் சென்றபோது, பழைய செய்தித்தாளோடும் பாடநூலோடும் அதுவும் எடைக்குப் போயிற்று என மகன் வருந்திக் கூறினார். அவர்மீது பிழையில்லை. அது காக்கத்தக்கது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் யான்.

மாளை நாட்டு யூத மகளிர் ஊரை விட்டு நீங்கினர், பாடல்கள் எஞ்சின. நெல்லை நாட்டுக் கிறித்தவ மகளிர் ஊரிலேயே இருந்தனர், அல்லது புகைவண்டித் தொலைவில் உள்ள சென்னைக்கு வந்தனர், பாடல்கள் போயின. கண்டம் விட்டுக் கண்டம் செல்வோர்க்குத் தாம் எதனை விட்டுச் செல்கிறோம் என்பது தெரியும். சிறிது சிறிதாக நகர்வோர்க்கு அது தெரிவதில்லை போலும். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை எங்கள் பகுதிக்கு அணித்தே உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. அந்நிகழ்ச்சியின் தீர்மானங்களும் உரைகளும் ஆவணக் காப்பகங்களில் பேணப்பட்டுள்ளன. அதே ஆண்டில் ஒரு சிற்றூரில் பிடியரிசி எடுத்து வைத்த பெண் என்ன பாடினாள் என்பதற்கு ஆவணம் இல்லை.

புத்தம் வீட்டையும் கருக்கையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கும்போது, பனங்காட்டு ஊர்களிலிருந்து வரும் மாணவியர் சிலர் வகுப்பு முடிந்ததும் தயங்கி நிற்பர். தம் பாட்டி பாடுவதைப் பற்றிக் கூறுவர். இப்போது யான் கேட்கும் முதல் வினா, பாட்டு என்ன என்பதன்று. ஏடு எங்கே இருக்கிறது என்பதே.

அம்மூதாட்டியாரின் கணக்கேட்டில் பாடல்களுக்கு இடையிடையே வேறு சில பக்கங்களும் இருந்தன. ஓராண்டு அசனத்திற்கு யார் எத்தனை படி அரிசி கொடுத்தார், யார் கருப்பட்டி கொடுத்தார், யார் ஒன்றும் கொடாமல் அடுப்பெரிக்க வந்தார் என்று ஆண்டு வாரியாகப் பெயரோடு எழுதியிருந்தார். பாடல்களை மட்டும் சிறிது படித்தேன். கணக்குப் பக்கங்களை விரைந்து புரட்டிவிட்டேன்.